புலன் குறைபாடுடைய மாணவர்களின் கல்வி: ஆசிரியர்கள் கற்றுக்கொண்ட வரலாறு

பார்வை, செவி ஆகிய புலன்களில் ஒன்றோ இரண்டுமோ, முழுமையாகவோ ஓரளவோ செயல்படாத நிலை புலன் குறைபாடு எனப்படும். இக்குறைபாடுள்ள குழந்தைகளுக்கு எனத் தனிப் பள்ளிகள் தோன்றி ஏறத்தாழ 260 ஆண்டுகளே ஆகின்றன. அதற்கு முன்பும் இத்தகைய குழந்தைகள் பிறந்தனர், வளர்ந்தனர். ஆனால் அவர்களுக்குக் கற்பிக்க முடியும் என்று பெரும்பாலோர் நம்பவில்லை.

இந்தக் கல்வியின் வரலாறு பொதுவாகக் கருணை உள்ளம் கொண்ட ஆசிரியர்களின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. அது பாதி உண்மை. தாம் எப்படிக் கற்றோமோ அப்படியேதான் மாணவரும் கற்க வேண்டும் என்று ஆசிரியர்கள் நினைத்த காலங்களில் இக்கல்வி தேங்கி நின்றது. மாணவர் உலகை எந்த வழியில் அறிகிறார் என்பதை அவரிடமிருந்தே ஆசிரியர்கள் தெரிந்துகொண்டபோது அது முன்னேறியது. இன்று பொதுப்பள்ளிகளில் இம்மாணவர்கள் பிறரோடு சேர்ந்து படிக்கும் நிலையில், இந்த வரலாறு எல்லா ஆசிரியர்களுக்கும் பயன்படக்கூடியது.

பள்ளிகளுக்கு முன்

பழங்காலக் கல்வி பெரும்பாலும் செவிவழிக் கல்வி. ஆசிரியர் சொல்ல மாணவர் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்வதே திண்ணைப் பள்ளிக்கூடம் வரை நீடித்த முறை. திருக்குறளில் கல்வி, கல்லாமை ஆகியவற்றை அடுத்துக் கேள்வி என்றே ஓர் அதிகாரம் இருப்பது, கேட்டு அறிவதற்கு இருந்த இடத்தைக் காட்டும்.

இம்முறையில் பார்வையற்றவருக்குச் சிறிது இடம் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார் பார்வையற்றவர். உலா, பிள்ளைத்தமிழ் முதலிய சிற்றிலக்கியங்களைப் பாடிப் புகழ்பெற்றவர். அவர் தம் முதுகில் பிறர் விரலால் எழுதிக் காட்ட, அத்தொடுதலைக் கொண்டே எழுத்துகளின் வடிவத்தை அறிந்தார் என்று செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. கண் இல்லாவிட்டால் தோல் வழியாக எழுத்தை அறியலாம் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் ஒரு கதையாகவேனும் நிலவியிருக்கிறது.

காது கேளாதவருக்கோ அந்த வாசலும் மூடியிருந்தது. கேட்டால்தான் பேச்சு வரும், பேச்சு வந்தால்தான் சிந்தனை வரும் என்பது பல நாடுகளில் பரவியிருந்த நம்பிக்கை. ஆகவே பேசாத குழந்தை அறிவற்ற குழந்தையாகவே கருதப்பட்டது.

ஸ்பெயின் மடமும் பாரிஸ் பள்ளியும்

இந்த நம்பிக்கையை முதலில் அசைத்தவர்களுள் ஒருவர் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்பானியத் துறவி பேத்ரோ போன்சே தே லியோன். ஓன்யா என்ற ஊரிலிருந்த மடத்தில், பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த காது கேளாத பிள்ளைகளுக்கு அவர் எழுதவும் படிக்கவும் பேசவும் கற்பித்தார். அவர் வாழ்ந்த மடம் பேசாநோன்பை மதித்த பெனடிக்ட் சபையைச் சேர்ந்தது. அங்கே கைச்சைகைகளால் கருத்தைத் தெரிவிக்கும் வழக்கம் முன்பே இருந்தது. 1620இல் மற்றொரு ஸ்பானியரான ஹுவான் பாப்லோ போனெட், காது கேளாதோருக்குக் கற்பிப்பது பற்றி நூல் ஒன்றை வெளியிட்டார். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கைவடிவம் காட்டும் விரலெழுத்துப் படங்கள் அதில் இடம்பெற்றன. ஆனாலும் இக்கல்வி செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே எட்டியது.

ஏழைக் குழந்தைகளுக்கும் அதைத் திறந்துவிட்டவர் பாரிசைச் சேர்ந்த பாதிரியார் சார்ல் மிஷேல் தெ லெப்பே. காது கேளாத இரு சகோதரிகளைச் சந்தித்ததே அவர் இப்பணியில் இறங்கக் காரணமாயிற்று. 1760ஆம் ஆண்டளவில் தம் சொந்தப் பணத்தில் அவர் இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். தம்மிடம் வந்த குழந்தைகள் தங்களுக்குள் சைகைகளால் பேசிக்கொள்வதைக் கவனித்து, அச்சைகைகளைக் கற்று, அவற்றின் வழியே பாடம் நடத்தினார். ஆசிரியர் மாணவரின் மொழியைக் கற்றுக்கொண்டது இவ்வரலாற்றில் பெரிய திருப்பம்.

ஆனால் அவரும் பாதி வழியில் நின்றுவிட்டார். மாணவர்களின் சைகைகள் பிரெஞ்சு இலக்கணத்துக்குப் பொருந்தவில்லை என்று கருதி, பால், காலம், சொல்வகை ஆகியவற்றைக் காட்டப் புதிய சைகைகளை உருவாக்கிச் சேர்த்தார். ஒவ்வொரு பிரெஞ்சுச் சொல்லுக்கும் ஒரு சைகை என்ற இந்த முறையில் மாணவர்கள் நீண்ட வாக்கியங்களைப் பிழையின்றி எழுதிக் காட்டினர், பார்வையாளர்கள் வியந்தனர். ஆனால் எழுதியதன் பொருள் மாணவருக்கு விளங்கியதா என்ற கேள்வி பின்னர் எழுந்தது. அப்பள்ளியில் பணியாற்றிய பெபியான் என்பவர், மாணவர்கள் இயல்பாகப் பயன்படுத்தும் சைகைகளிலேயே கருத்தை விளக்கி, பிரெஞ்சு மொழியைத் தனியாகக் கற்பிக்க வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாதிட்டார். செயற்கைச் சைகைகள் படிப்படியாகக் கைவிடப்பட்டன.

அதே பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியரானவர் லோரான் கிளர்க். அமெரிக்காவிலிருந்து கற்பித்தல் முறை தேடி வந்த தாமஸ் ஹாப்கின்ஸ் கல்லூடெட் அவரைத் தம்முடன் அழைத்துச் சென்றார். 1817இல் ஹார்ட்ஃபோர்டு நகரில் இருவரும் தொடங்கியதே அமெரிக்காவில் காது கேளாதோருக்கான முதல் நிலையான பள்ளி. அதன் தொடக்கக்கால ஆசிரியர்களுள் முதன்மையானவரான கிளர்க் காது கேளாதவர் என்பது கவனிக்கத்தக்கது.

புடைப்பெழுத்தும் ஆறு புள்ளிகளும்

பார்வையற்றோர் கல்வியிலும் இதே போன்ற திருப்பம் பாரிசில்தான் நிகழ்ந்தது. 1771இல் பாரிஸ் சந்தை ஒன்றில் பார்வையற்ற சிலருக்குக் கோமாளி உடை அணிவித்து, இசைக்கருவிகளைக் கொடுத்து, கூட்டம் சிரிக்க நிறுத்தியிருந்ததை வாலன்டின் ஹவூய் என்பவர் கண்டார். அந்தக் காட்சி அவர் மனத்தை உறுத்தியது. 1784இல் தேவாலய வாசலில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த பிரான்சுவா லெசுவர் என்ற இளைஞரைத் தம் முதல் மாணவராக்கினார். தொடர்ந்து பார்வையற்ற சிறுவர்களுக்கான பள்ளி உருவானது.

தடித்த தாளில் எழுத்துகளை மேடாக எழும்படி அச்சிட்டு, விரலால் தடவிப் படிக்கச் செய்தார் ஹவூய். பார்வையற்றவர் நூல் படிக்க முடியும் என்று உலகுக்குக் காட்டியது இந்தப் புடைப்பெழுத்து முறையே. ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. அவ்வெழுத்துகள் கண்ணுக்காக உருவானவை. ஒவ்வொன்றின் வளைவையும் கோட்டையும் விரலால் பின்தொடர்ந்து அறிய நெடுநேரம் ஆனது. நூல்கள் பெரியவையாகவும் கனமாகவும் இருந்தன. எல்லாவற்றிலும் பெரிய குறை, மாணவர் அம்முறையில் தாமே எளிதாக எழுத முடியாது.

1819இல் இப்பள்ளியில் சேர்ந்தார் பத்து வயது லூயி பிரெயில். 1809 ஜனவரி 4 அன்று கூப்வ்ரே என்ற சிற்றூரில் சேணம் தைப்பவரின் மகனாகப் பிறந்தவர். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் கூரிய கருவி ஒன்று கண்ணில் குத்தியதால் ஏற்பட்ட காயமும் தொற்றும் இரு கண்களின் பார்வையையும் பறித்தன. 1821இல் சார்ல் பார்பியே என்பவரின் புள்ளி எழுத்து முறை பள்ளிக்கு வந்தது. 12 புள்ளிகளைக் கொண்ட அம்முறை எழுத்துக்கூட்டலை விட்டு ஒலிகளை மட்டுமே குறித்தது. நிறுத்தற்குறிகளோ எண்களோ அதில் இல்லை. 12 புள்ளிகளும் ஒரு விரல் நுனிக்குள் அடங்கவுமில்லை.

பிரெயில் அதை ஆறு புள்ளிகளாகக் குறைத்தார். இரு வரிசைகளில் மும்மூன்று புள்ளிகள். விரலை மேலும் கீழும் நகர்த்தாமல், ஒரே தொடுதலில் ஓர் எழுத்தை அறியலாம். ஆறு புள்ளிகளைப் பலவாறு சேர்த்தால் 63 குறிகள் கிடைக்கும். எழுத்து, எண், நிறுத்தற்குறி, இசைக்குறி எல்லாவற்றுக்கும் அவை இடம் கொடுத்தன. 1824இல், பதினைந்து வயதில், அவர் இதன் அடிப்படையை வகுத்துவிட்டார். 1829இல் அது நூலாக வெளிவந்தது. பின்னர் அவர் அதே பள்ளியில் ஆசிரியரானார்.

மாணவர்கள் இம்முறையை விரும்பி ஏற்றனர். பள்ளி நிர்வாகம் ஏற்கவில்லை. பார்வையுள்ளோர் படிக்க முடியாத எழுத்து பார்வையற்றோரைச் சமூகத்திலிருந்து பிரித்துவிடும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். 1840ஆம் ஆண்டு பொறுப்பேற்ற இயக்குநர் துஃபோ இதன் பயன்பாட்டைத் தடுத்தார். ஆயினும் மாணவர்கள் இரகசியமாகப் புள்ளிகளில் எழுதிக்கொண்டே இருந்தனர். 1844இல் பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழாவில் இம்முறை எல்லோர் முன்னிலையிலும் செய்து காட்டப்பட்ட பிறகே எதிர்ப்பு தளர்ந்தது. 1852இல் பிரெயில் மறைந்தார். அவர் கண்ட எழுத்து 1854இல்தான் அப்பள்ளியில் அதிகாரப்பூர்வமாக ஏற்கப்பட்டது.

ஹவூயின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆனால் அவர் கண்ணால் அறிந்த எழுத்தை விரலுக்குக் கொடுத்தார். பிரெயில் விரலுக்கு ஏற்ற எழுத்தை உருவாக்கினார். இவ்வேறுபாடு விரலால் படித்தவருக்கே புலப்பட்டது.

மிலான் மாநாடு

காது கேளாதோர் கல்வியில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. 1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோருக்குக் கற்பிப்போரின் பன்னாட்டு மாநாடு கூடியது. சைகையால் கற்பிப்பதா, பேச்சும் உதட்டசைவும் கொண்டு கற்பிப்பதா என்பது கேள்வி. பேச்சு முறையே உயர்ந்தது, அதையே தனித்துக் கையாள வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. அமெரிக்கப் பிரதிநிதிகள் எதிர்த்து வாக்களித்தும் பயனில்லை. கலந்துகொண்ட 164 பிரதிநிதிகளுள் காது கேளாதவர் ஒருவர் மட்டுமே.

விளைவு பல தலைமுறைகளைத் தாக்கியது. பல நாடுகளில் வகுப்பறையில் சைகை தடை செய்யப்பட்டது. கைகளை அசைத்த குழந்தைகள் தண்டிக்கப்பட்டனர். காது கேளாத ஆசிரியர்களின் எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. மொழிப்பயிற்சிக்கும் பாடங்களுக்கும் செலவாக வேண்டிய நேரம் ஒலிகளை உச்சரிக்கப் பழக்குவதில் கரைந்தது.

உதட்டசைவைப் படிப்பது எவ்வளவு கடினம் என்பதைத் தமிழ்ச் சொற்களைக் கொண்டே உணரலாம். ‘படம்’, ‘மடம்’ ஆகிய இரண்டையும் கண்ணாடி முன் நின்று ஒலியின்றிச் சொல்லிப் பார்த்தால் உதடுகளில் வேறுபாடு தெரியாது. ‘க’ போன்ற எழுத்துகள் வாயின் உட்புறத்தில் பிறப்பதால் உதட்டில் தோன்றுவதே இல்லை. மொழியை ஏற்கெனவே அறிந்தவர் இடம் நோக்கி ஊகித்துக்கொள்வார். மொழியையே இனிமேல்தான் கற்க வேண்டிய குழந்தை எதைக் கொண்டு ஊகிக்கும்?

1960இல் அமெரிக்காவின் கல்லூடெட் கல்லூரியில் பணியாற்றிய வில்லியம் ஸ்டோக்கி, சைகை மொழிக்கும் தனக்கென அமைப்பும் இலக்கணமும் உண்டு என்று மொழியியல் முறையில் நிறுவினார். கைவடிவம், கை நிற்கும் இடம், கையின் அசைவு ஆகியவை பேச்சுமொழியின் ஒலிகளைப் போலவே பொருள் வேறுபாட்டைத் தருகின்றன என்பது அவர் கண்டது. 1988இல் அதே நிறுவனத்தின் மாணவர்கள் தங்களுக்குக் காது கேளாத ஒருவரே தலைவராக வேண்டும் என்று போராடி வென்றனர். மிலான் தீர்மானங்களைக் காது கேளாதோர் கல்விக்கான பன்னாட்டு மாநாடு 2010இல் கனடாவின் வான்கூவரில் நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. இடையில் 130 ஆண்டுகள் கடந்திருந்தன.

கண்ணும் செவியும் இல்லாதோர்

பார்வையும் செவியும் ஒருங்கே இழந்த குழந்தைக்குக் கற்பிக்க முடியும் என்பது 1837இல் பாஸ்டன் நகரின் பெர்கின்ஸ் பள்ளிக்கு வந்த லாரா பிரிட்ஜ்மன் என்ற சிறுமியால் உறுதியானது. கரண்டி, சாவி போன்ற பொருள்களில் புடைப்பெழுத்துச் சீட்டுகளை ஒட்டி, பொருளுக்கும் பெயருக்கும் உள்ள தொடர்பை அவருக்கு உணர்த்தினார் பள்ளித் தலைவர் சாமுவேல் கிரிட்லி ஹோ.

அப்பள்ளியில் பின்னர் படித்தவர் ஆன் சலிவன். கண் நோயால் அவர் பார்வையும் பாதிக்கப்பட்டிருந்தது. லாராவோடு உரையாடுவதற்காக உள்ளங்கையில் விரலெழுத்து எழுதும் முறையை அவர் கற்றுக்கொண்டார். 1887 மார்ச் மாதம் அலபாமா மாநிலத்தில் ஆறு வயது ஹெலன் கெல்லரின் ஆசிரியராகச் சென்றபோது அவர் கையில் இருந்த கருவி அதுதான். தண்ணீர்க் குழாயடியில் ஒரு கையில் நீர் விழ, மறு கையில் அதன் பெயர் எழுதப்பட்ட நிகழ்ச்சி உலகறிந்தது. சலிவன் தொடக்கத்தில் குறித்த நேரத்தில் பாடம் நடத்திப் பார்த்தார். விரைவிலேயே அதைக் கைவிட்டு, பேசத் தொடங்கும் குழந்தையிடம் வீட்டார் பேசுவதுபோல நாள் முழுவதும் முழு வாக்கியங்களைக் கையில் எழுதத் தொடங்கினார். குழந்தைக்கு முதலில் தேவைப்பட்டது மொழி நிறைந்த சூழல். பாடம் அதன் பின்னரே என்பதை அவர் கண்டுகொண்டார். கெல்லர் 1904இல் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

பூட்டி வைக்கப்பட்ட பார்வை

பார்வை சிறிது எஞ்சியுள்ள குழந்தைகளின் வரலாறு அதிகம் பேசப்படுவதில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பயன்படுத்தப் பயன்படுத்தக் கண் தேய்ந்துவிடும் என்ற கருத்து பரவலாக இருந்தது. 1908இல் லண்டனிலும் 1913இல் பாஸ்டனிலும் இத்தகைய குழந்தைகளுக்கெனத் தனி வகுப்புகள் தொடங்கின. அவர்களின் கண்ணுக்கு வேலை கொடுக்காமல் பார்வையைச் ‘சேமிப்பதே’ அக்காலத்தின் நோக்கம். சில பள்ளிகளில் ஓரளவு கண் தெரிந்த குழந்தைகளும் பிரெயிலைக் கண்ணால் பார்த்துப் படித்துவிடாதபடி கண்கள் மறைக்கப்பட்டன.

1964இல் நாட்டலி பராகா என்ற அமெரிக்கக் கல்வியாளர் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தை மாற்றியது. எஞ்சிய பார்வையைப் பயன்படுத்தப் பயிற்சி அளித்தால், குழந்தை அதனைக் கொண்டு கூடுதலாகக் கற்க முடிகிறது என்பது அதன் முடிவு. கண்ணின் நிலை மாறாமலேயே பார்க்கும் திறன் மேம்படலாம் என்பது இதனால் தெளிவாயிற்று. பெரிய எழுத்து நூல்கள், உருப்பெருக்கிக் கண்ணாடி, போதிய வெளிச்சம் ஆகியவை வகுப்பறைக்கு வந்தன.

இந்தியா, தமிழ்நாடு, இலங்கை

இந்தியாவில் காது கேளாதோருக்கான முதல் பள்ளி 1880களின் நடுவில் பம்பாயிலும், பார்வையற்றோருக்கான முதல் பள்ளி 1887இல் அமிர்தசரசிலும் தோன்றின. பம்பாய்ப் பள்ளிக்கு ஆயர் லியோ மியூரினும், அமிர்தசரஸ் பள்ளிக்கு ஆனி ஷார்ப் என்ற மறைப்பணியாளரும் காரணமாயினர்.

தமிழ்நாட்டில் இக்கல்வியின் தொட்டில் பாளையங்கோட்டை. 1890ஆம் ஆண்டளவில் ஆஸ்குவித் அம்மையார் பார்வையற்றோருக்குக் கற்பிக்கத் தொடங்கினார். அதே பத்தாண்டில் புளோரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் காது கேளாதோருக்கான பள்ளியைத் தொடங்கினார். இரு பள்ளிகளும் இன்றும் பாளையங்கோட்டையில் இயங்குகின்றன. இலங்கையில் 1912இல் மேரி சாப்மன் அம்மையாரின் முயற்சியால் காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்குமான பள்ளி தோன்றியது. இரத்மலானையில் அது நிலைபெற்றது. தமிழ்ப் பிள்ளைகளுக்கெனப் பின்னாளில் யாழ்ப்பாணத்தை அடுத்த கைதடியில் நஃபீல்ட் பள்ளி உருவானது.

இந்தியப் பள்ளிகள் பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கத்தைப் பின்பற்றியதால் மிலான் மாநாட்டின் நிழல் இங்கும் விழுந்தது. வகுப்பில் பேச்சுப் பயிற்சி நடந்தது. விடுதியிலும் விளையாட்டு மைதானத்திலும் குழந்தைகள் சைகையில் பேசினர். அந்தச் சைகைகளை மொழியாகக் கருதி ஆராயும் பணி 1970களின் இறுதியில்தான் வலுப்பெற்றது. அதில் முன்னின்ற மதன் வசிஷ்டா, தாமே காது கேளாதவர். இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2015இல் டெல்லியில் அமைந்தது. அது தொகுத்த 3,000 சொற்கள் கொண்ட முதல் அகராதி 2018இல் வெளியாயிற்று.

தமிழ் பிரெயில்

விடுதலைக்கு முன் இந்தியாவில் மொழிக்கு மொழி, சில இடங்களில் பள்ளிக்குப் பள்ளி, வெவ்வேறு பிரெயில் முறைகள் வழங்கின. ஓரிடத்தில் அச்சான நூலை மற்றோரிடத்தில் படிக்க இயலாத நிலை. 1949இல் இந்திய அரசு இச்சிக்கலை யுனெஸ்கோவிடம் கொண்டு சென்றது. அதன் தொடர்ச்சியாக 1951இல் இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது. அதே ஆண்டு டேராடூனில் பிரெயில் அச்சகமும் தொடங்கியது. ஒரே ஒலிக்கு எல்லா மொழிகளிலும் ஒரே குறி என்பது இதன் அடிப்படை. ஆங்கிலத்தின் ‘கே’ எழுத்துக்கு உரிய குறியே தமிழ் ‘க’வுக்கும் இந்தி ‘க’வுக்கும் உரியது.

பிரெயில் கற்கும் குழந்தைக்குத் தமிழ் எழுதும் ஆசிரியர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அச்சில் ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னும் ‘க’ பின்னும் வரும். ‘கொ’வில் ‘க’வின் இருபுறமும் குறிகள் நிற்கும். பிரெயிலில் இவை ஒலிக்கும் வரிசையிலேயே அமையும்: முதலில் ‘க’, பிறகு ‘எ’ அல்லது ‘ஒ’வின் குறி. மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தின் மேல் நிற்காமல் அதற்கு முன் தனிக்குறியாக வரும். 247 எழுத்து வடிவங்களை நினைவில் வைக்க வேண்டிய தேவையும் இல்லை. இவ்வமைப்பை அறியாதவர், குழந்தை சரியாக எழுதியதையே பிழையென்று கருதிவிடக்கூடும்.

எழுதும் முறையும் வேறு. பிரெயில் பலகையில் தாளைப் பொருத்தி, எழுத்தாணியால் வலமிருந்து இடமாகப் புள்ளிகளைக் குத்த வேண்டும். தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். எழுதிய வரியைச் சரிபார்க்கத் தாளைக் கழற்ற வேண்டியிருக்கும். தேர்வில் கூடுதல் நேரம் தருவது சலுகை அன்று, இந்த உழைப்புக்கான ஈடு.

சிறப்புப் பள்ளியிலிருந்து பொதுப்பள்ளிக்கு

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்குழந்தைகளை அருகிலுள்ள பொதுப்பள்ளியிலேயே சேர்க்கும் எண்ணம் வளர்ந்தது. 1974இல் இந்திய அரசு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. 1994இல் ஸ்பெயினின் சலமாங்காவில் வெளியான அறிக்கை, பள்ளி குழந்தைக்கேற்ப மாற வேண்டும் என்று வலியுறுத்தி உள்ளடக்கிய கல்விக்கு வழிகாட்டியது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தை அடுத்து, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 வந்தது. சைகை மொழியிலும் பிரெயிலிலும் தகுதி பெற்ற ஆசிரியர்களை, மாற்றுத்திறனாளி ஆசிரியர்கள் உட்பட, பயிற்றுவித்துப் பணியமர்த்த வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. லோரான் கிளர்க்கும் லூயி பிரெயிலும் ஆசிரியர்களாக இருந்த வரலாறு இவ்விதியின் பின்னணியில் நிற்கிறது.

இம்மாற்றத்தால் ஒரு புதிய சுமையும் ஏற்பட்டது. சிறப்புப் பள்ளியில் எல்லா ஆசிரியர்களும் பயிற்சி பெற்றவர்கள். பொதுப்பள்ளிக்குச் சிறப்பாசிரியர் சில நாள்கள் மட்டுமே வந்து போவார். மற்ற நாள்களில் வகுப்பாசிரியரே அக்குழந்தைக்கு எல்லாமும் ஆகிறார். குழந்தை வகுப்பில் இருப்பதும் வகுப்பில் கற்பதும் ஒன்றல்ல என்பதை அவரே உணர வேண்டியிருக்கிறது.

வகுப்பாசிரியருக்கு வரலாறு தரும் பாடங்கள்

முதல் பாடம் அடையாளம் காண்பது. முழுமையாகக் கேளாத குழந்தையை எவரும் அறிந்துகொள்வர். ஓரளவு கேளாத குழந்தையோ ‘கவனக்குறைவு’, ‘சொன்ன பேச்சு கேட்பதில்லை’ என்ற பெயரைத்தான் முதலில் பெறுகிறது. அடிக்கடி திருப்பிக் கேட்பது, தலையை ஒருபுறம் சாய்ப்பது, பிறர் செய்வதைப் பார்த்த பின்பே தொடங்குவது ஆகியவை செவிக்குறையின் அறிகுறிகளாக இருக்கலாம். புத்தகத்தை முகத்தருகே பிடிப்பது, கரும்பலகையில் உள்ளதைப் பக்கத்து மாணவரின் ஏட்டைப் பார்த்து எழுதுவது, கண்ணைச் சுருக்குவது ஆகியவை பார்வைக் குறையைக் காட்டலாம். இவற்றைக் கண்டால் பெற்றோரிடம் தெரிவித்துப் பரிசோதனைக்கு அனுப்புவதே ஆசிரியரின் முதல் உதவி.

இரண்டாவது, புலனுக்கேற்ற வழி. கரும்பலகையை நோக்கி எழுதிக்கொண்டே பேசும் ஆசிரியரின் உதடுகளைக் காது கேளாத மாணவர் பார்க்க முடியாது. எழுதி முடித்து, வகுப்பை நோக்கித் திரும்பி, இயல்பான வேகத்தில் பேசுவது நல்லது. கத்திப் பேசுவது உதட்டின் வடிவத்தைச் சிதைக்கும். செவிப்பொறியும் காக்ளியர் கருவியும் கண்ணாடி பார்வையைத் திருத்துவதுபோலக் கேள்வியை முழுமையாகச் சீராக்குவதில்லை. மின்விசிறியின் இரைச்சலும் பெஞ்சு நகரும் சத்தமும் ஆசிரியரின் குரலோடு சேர்ந்தே காதில் விழும். அருகில் அமர வைப்பது எளிய தீர்வு.

பார்வையற்ற மாணவர் இருக்கும் வகுப்பில் ‘இதை இங்கே கூட்டினால் அது வரும்’ என்ற வாக்கியத்துக்குப் பொருளில்லை. எழுதும் எண்களையும் சொற்களையும் வாயால் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். படத்தை விவரிப்பதோடு, நூலை ஒட்டியோ மணலைத் தூவியோ கைக்கு எட்டும் வடிவமாக்கலாம். குறைபார்வை உள்ளவருக்கு எது வசதி என்பதை அவரிடமே கேட்பது நலம். ஒருவருக்கு அதிக வெளிச்சம் உதவும், மற்றொருவருக்கு அதே வெளிச்சம் கூசும்.

மூன்றாவது, மொழியையும் அறிவையும் குழப்பிக்கொள்ளாமை. காது கேளாத மாணவர் எழுதும் தமிழில் வேற்றுமை உருபுகளும் வினைமுற்றுகளும் விடுபடுவது உண்டு. செவியால் பல ஆயிரம் முறை கேட்டுப் படிந்த இலக்கணம் மற்ற குழந்தைகளுடையது. இக்குழந்தைக்கு அந்த வாய்ப்பு இல்லை. சைகை மொழியின் இலக்கணமும் வேறு. எழுத்துப்பிழையைக் கொண்டு அறிவை அளந்தால் மிலானில் நடந்த தவறு சிறிய அளவில் மீண்டும் நிகழும். தேர்வில் மொழிப்பாட விலக்கு அளிப்பது மதிப்பெண் சுமையைக் குறைக்கலாம். அதைக் காரணமாக்கி அக்குழந்தைக்கு மொழியே கற்பிக்காமல் விடுவது சலுகை ஆகாது.

முடிவு

தெ லெப்பேயிடம் குழந்தைகள் தங்கள் சைகைகளைக் கொண்டுவந்தனர். ஹவூயின் பள்ளி மாணவர் ஒருவரே பள்ளியின் எழுத்தை மாற்றினார். சலிவன் தம் கருவியைக் கற்றது லாராவோடு பேசுவதற்காக. மிலானில் மாணவர் தரப்பைக் கேட்காமல் எடுத்த முடிவைத் திருத்த 130 ஆண்டுகள் ஆயின. ஆகவே இம்மாணவர்களுக்கு உதவ விரும்பும் ஆசிரியர் முதலில் செய்யக்கூடியது எளிய ஒன்று: பாடம் உனக்கு எந்த வழியில் வந்து சேர்கிறது என்று மாணவரிடம் கேட்பது, கிடைக்கும் பதிலுக்கேற்பத் தம் பாடம் நடத்தும் முறையை மாற்றிக்கொள்வது.